மயிரிழைக்கு எழுபது சென்டிமீட்டர்

கொல்கத்தாவிலிருந்து வடக்கே, ஹூக்ளியின் கிழக்குக் கரையோரமாகப் பாரக்பூரைத் தாண்டினால் இஷாப்பூர். கம்பெனி காலத்து வெடிமருந்து ஆலை இருந்த அந்த இடத்தில் 1904-ல் துப்பாக்கித் தொழிற்சாலை எழுந்தது. இரண்டு உலகப் போர்களிலும் இந்தியச் சிப்பாய்கள் தோளில் சுமந்த .303 துப்பாக்கிகள் இங்கே ஆயிரக்கணக்கில் உருவாயின. 1962 சீனப் போருக்குப் பிறகு அதே .303-இன் உடலமைப்பில், 7.62 மி.மீ. தோட்டாவுக்கென்று 2ஏ என்ற துப்பாக்கியைச் செய்தார்கள். அதன் பின்குறியில் 2000 மீட்டர் வரை எண்கள் பொறித்திருந்தன. சில வருஷத்தில் வந்த 2ஏ1-ல் அந்த அளவு 800 மீட்டரோடு நின்றுவிட்டது. சரியான முடிவுதான். வெறுங்கண்ணுக்கு 800 மீட்டரே தாராளம். அதற்கு மேல் குறி தெரிந்தால்தானே அடிப்பதற்கு.

அதற்கு மேல் போக வேண்டுமென்றால் தொலைநோக்கி வேண்டும். சுடுபவர்கள் ஸ்கோப் என்பார்கள். ஆனால் ஸ்கோப் தானாகத் துப்பாக்கியின் மேல் உட்காராது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பொருள் இருக்கிறது: மவுன்ட். அடியில் ஒரு பேஸ் அல்லது பல் வெட்டிய ரெயில், அதன்மேல் இரண்டு ரிங், அவற்றை இறுக்க ஒரு கைப்பிடித் திருகாணிகள். பார்த்தால் அவ்வளவுதான். ஆகவே கையிலிருக்கும் பணம் முழுவதையும் ஸ்கோப்பின் லென்ஸில் போட்டுவிட்டு, மிச்சத்தில் கிடைத்த மவுன்டை மாட்டிக்கொள்வது பலருக்கும் வழக்கமாகிவிட்டது. இது தலைகீழான கணக்கு என்பது என் உறுதியான கருத்து. அதற்குச் சாட்சி கொல்கத்தாவிலேயே இருக்கிறது. துப்பாக்கித் துறையில் அல்ல, நில அளவைத் துறையில்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். தொலைதூரச் சுடுதலில் எல்லாமே கோணம்தான். மில்லிரேடியன் என்ற அளவை எடுத்துக்கொள்வோம், சுருக்கமாக மில். ஆயிரத்துக்கு ஒன்று என்பது இதன் பொருள். ஒரு மில் விலகினால் 100 மீட்டரில் 10 செ.மீ., 1000 மீட்டரில் 1 மீட்டர் தள்ளிப் போகும். இப்போது மவுன்டின் இரண்டு ரிங்குகளுக்கும் இடையே 100 மி.மீ. இருக்கிறது என்று வையுங்கள். முன் ரிங் பின் ரிங்கைவிட 0.1 மி.மீ. உயர்ந்தாலே அது ஒரு மில். தலைமுடி ஒன்றின் தடிப்பு சுமார் 0.07 மி.மீ. அந்த மயிரிழை அளவு ஒரு பக்கம் நகர்ந்தால் 1000 மீட்டரில் தோட்டா 70 செ.மீ. விலகிவிடும். லென்ஸ் எத்தனை லட்சம் விலையானாலும் இந்தப் பிழையைத் திருத்தாது. பிழையான இடத்தை இன்னும் தெளிவாகக் காட்டும், அவ்வளவே.

இந்த நுணுக்கம் ஸ்கோப்புக்கு மட்டும் உரியது அல்ல. கொல்கத்தாவின் ஜோய்தீப் கர்மாகரை விளையாட்டுப் பக்கம் படிப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில், 50 மீட்டர் படுத்துச் சுடும் போட்டியில் 699.1 புள்ளியோடு நான்காவதாக வந்தார். வெண்கலம் ஸ்லோவேனியாவின் ராய்மொண்ட் தெபெவெட்ஸுக்கு, 701.0. இடைவெளி 1.9 புள்ளி. இந்தப் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதி கிடையாது. சிறு துளை வழியே பார்க்கும் குறிகள்தான். இலக்கின் நடுவட்டம் 10.4 மி.மீ. விட்டம்; அன்றைய இறுதிச் சுற்றில் 0.1 புள்ளி என்பது 0.8 மி.மீ. அந்த 1.9 புள்ளியைப் பத்துத் தோட்டாக்களுக்குப் பகிர்ந்தால் ஒரு தோட்டாவுக்கு 1.5 மி.மீ. வரும். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே முக்கால் மீட்டருக்குச் சற்று மேல் என்று கொண்டால், பின்குறியில் அது 0.024 மி.மீ. நகர்வு. முடியின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு. கர்மாகரின் குறி நகர்ந்தது என்று சொல்ல வரவில்லை. அந்த மட்டத்தில் பதக்கமும் நான்காம் இடமும் எவ்வளவு சிறிய நீளத்தில் பிரிகின்றன என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி நில அளவைக்கு வருவோம். 1802-ல் சென்னை பரங்கிமலை அடிவாரத்தில் வில்லியம் லாம்டன் தொடங்கிய பெரும் முக்கோண அளவைக்கு உயிர்நாடி ஒரு தியோடலைட். லண்டனில் கேரி செய்தது. வட்டத் தகட்டின் விட்டம் மூன்று அடி, எடை ஏறக்குறைய அரை டன். தொலைநோக்கி எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது என்பதைத் துல்லியமாகக் காட்டுவதே அதன் வேலை. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்கு அதைக் கயிறு கட்டி ஏற்றியபோது கயிறு அறுந்து, கருவி சுவரில் போய் மோதியது. வட்டத் தகடு நெளிந்தது, ஆரக்கால்கள் வளைந்தன. லாம்டன் அதைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. பெரிய பலகை ஒன்றில் சரியான அளவில் வட்டம் வெட்டி, ஆப்பும் திருகாணியும் கப்பியும் கொண்டு நெளிந்த தகட்டைச் சிறிது சிறிதாக இழுத்து அந்த வட்டத்துக்குள் பொருத்தினார். ஆரக்கால்களைச் சின்ன மரச்சுத்தியால் தட்டித் தட்டி நிமிர்த்தினார். ஆறு வாரம் ஆயிற்று. அத்தனை பாடும் எதற்காக என்று கவனிக்க வேண்டும். கோணத்தைத் தாங்கி நிற்கும் உலோகச் சட்டம் கெட்டால், தொலைநோக்கி எப்படி இருந்தும் பயனில்லை. மவுன்ட் என்பது துப்பாக்கியின் மேல் இருக்கும் அந்தச் சட்டம்தான்.

அந்த அளவை பின்னர் கல்கத்தாவின் கைக்கு வந்தது. 1830-ல் அங்கே கணிதக் கருவி அலுவலகம் ஏற்பட்டது. லாம்டனுக்குப் பின் அளவையை ஏற்ற ஜார்ஜ் எவரெஸ்ட் இங்கிலாந்திலிருந்து ஹென்றி பாரோ என்ற கருவித் தச்சரை அழைத்து வந்திருந்தார். பாரோவுக்குப் பின் 1843-ல் அந்தப் பொறுப்புக்கு வந்தவர் நம் பக்கத்துக்காரர்: ஆர்க்காட்டைச் சேர்ந்த சையித் மீர் மொசின் ஹுசைன். சென்னையில் நகை வேலை செய்துகொண்டிருந்தவரைத் தலைமை அளவையாளர் வாலன்டைன் பிளாக்கர் அடையாளம் கண்டு கல்கத்தாவுக்கு அழைத்துப் போனார். ஐரோப்பாவில் பயிலாத ஒருவர், அன்றைய உலகின் நுட்பமான கோணக் கருவிகளைப் பிரித்துச் சரிசெய்து பூட்டினார். அதற்குக் கொடுத்த சம்பளம் மட்டும் பாரோவுக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. தமிழில் அறிவியல் வரலாறு எழுதுகிறவர்கள் இவருக்கு ஒரு முழு நூலே எழுதலாம்; கடன் பாக்கியிருக்கிறது. அந்த அலுவலகத்தின் வழித்தோன்றல்தான் ஜாதவ்பூரில் இயங்கிய நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ். தியோடலைட்டும் கேமராவும் செய்த அந்த நிறுவனம் நலிந்து, பிறகு ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது.

இஷாப்பூருக்குப் போகும் அதே திசையில் இன்னொரு சாட்சி நிற்கிறது. 1831-32 குளிர்காலத்தில் பாரக்பூர் ட்ரங்க் ரோடு நெடுகப் பத்து கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான ஒரு கோட்டை எவரெஸ்ட் அளந்தார். அதற்காகக் கட்டிய செங்கல் கோபுரங்கள் அந்தச் சாலையோரம் இன்றும் இருக்கின்றன; சுக்சர் கோபுரத்தைக் கடந்து தினமும் பேருந்துகள் போகின்றன. அவர் அளந்தது சங்கிலியால் அல்ல, தாமஸ் கோல்பி வகுத்த ஈடுசெய் சட்டங்களால். இரும்புச் சட்டமும் பித்தளைச் சட்டமும் பக்கம் பக்கமாக, நடுவில் மட்டும் பிணைத்திருக்கும். வெயிலில் பித்தளை அதிகம் நீளும், இரும்பு குறைவாக நீளும். இரண்டின் முனைகளையும் இணைக்கும் நாக்கு அதற்கேற்பச் சாயும். அந்த நாக்கில் குறித்த புள்ளி மட்டும் இடம் மாறாது. இரண்டு உலோகங்களை ஒன்றாகப் பூட்டும்போது வெப்பம் என்ன செய்யும் என்பதைக் கல்கத்தா 190 வருஷத்துக்கு முன்பே இப்படிக் கணக்கில் எடுத்துக்கொண்டது.

இதே சிக்கல் மவுன்டில் அப்படியே இருக்கிறது. துப்பாக்கியின் உடல் எஃகு. மவுன்ட் பெரும்பாலும் அலுமினியம். எஃகு ஒரு டிகிரிக்கு, மீட்டருக்கு 12 மைக்ரான் நீளும், அலுமினியம் 23. கொல்கத்தாவில் ஜனவரி விடியல் 12 டிகிரி, மே மாத மதியம் 40. இந்த 28 டிகிரி வேறுபாட்டில் 130 மி.மீ. நீளப் பேஸ் எஃகைவிட 0.04 மி.மீ. கூடுதலாக நீளப் பார்க்கும். அந்த நீட்சி முழுவதும் கோணப் பிழையாகிவிடாது. பேஸ் நேராகச் சறுக்கி நீண்டால் கேடில்லை. இரண்டு முனையிலும் பிடித்து இறுக்கியிருந்தால் அது நடுவில் வளையப் பார்க்கும், அல்லது ஒரு திருகாணி மெல்ல நழுவும். ஆகவே பேஸ் எஃகாக இருப்பது நல்லது. எடை கூடும்தான், படுத்துக்கொண்டு தாங்கியில் வைத்துச் சுடுபவருக்கு அது சுமையல்ல. நல்ல அலுமினியக் கலவையில், தடித்த ஒரே கட்டியிலிருந்து கடைந்த மவுன்டும் மோசமில்லை. மெல்லிய அலுமினியப் பேஸின் மேல் உயரமான இரண்டு தனி ரிங் என்ற கூட்டுத்தான் எனக்குச் சற்றும் உடன்பாடில்லாதது.

ஒரே துண்டா, இரண்டு ரிங்கா? தொலைதூரத்துக்கு ஒரே துண்டையே சொல்வேன். தனித்தனி ரிங்குகளின் துளைகள் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால், இறுக்கும்போது ஸ்கோப்பின் குழாய் அந்தக் கோணலுக்கேற்ப வளையும். உள்ளே குறிக்கம்பியை நகர்த்தும் பாகம் பிசகும். ஸ்கோப்பின் திருகை ஒரு கிளிக் திருப்பினால் குறி ஒரு கிளிக் நகராது. ஒரே கட்டியில் ஒரே ஓட்டத்தில் கடைந்த துளைகளில் இந்தத் தொல்லை வெகு குறைவு. பழைய ராணுவத்தார் இதை நன்றாகவே அறிந்திருந்தார்கள். 1942 முதல் பிரிட்டனில் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் நம்பர் 4 (டி) என்ற .303 துப்பாக்கிகளுக்கு ஸ்கோப் பொருத்தியபோது, இரண்டு ரிங்கும் ஒரே வார்ப்பாக அமைந்த தாங்கியை உடலின் இடப்பக்கத்தில் இரண்டு பெரிய கைத்திருகாணிகளால் பூட்டினார்கள். ஒவ்வொரு தாங்கியிலும் அதற்குரிய துப்பாக்கியின் எண்ணையே பொறித்தார்கள். ஒன்றின் தாங்கியை இன்னொன்றில் மாட்டக் கூடாது என்பதற்காகத்தான்.

அவர்கள் அதற்கு முன்பு செய்த தவறையும் சொல்ல வேண்டும். முதல் உலகப் போரில் .303-க்கு வைத்த பல ஸ்கோப்புகள் குழலுக்கு மேலே இல்லாமல் இடப்பக்கம் ஒதுங்கி உட்கார்ந்தன. தோட்டாக்களை மேலிருந்து கிளிப்போடு திணிக்க வழி விட வேண்டும் என்பது காரணம். ஸ்கோப் மூன்று செ.மீ. பக்கவாட்டில் ஒதுங்கி, 100 மீட்டரில் குறி சேரும்படி வைத்திருந்தால், 1000 மீட்டரில் 27 செ.மீ. மறுபக்கம் தள்ளிப் போகும். உயரத்தில் உள்ள இடைவெளியும் இதே கணக்குத்தான். ஆனால் அது ரவையின் இறக்கத்தோடு கலந்து, எப்படியும் திருப்ப வேண்டிய கிளிக்குகளில் கரைந்துவிடும். பக்கவாட்டு இடைவெளிக்கு அப்படி ஒரு போக்கிடம் இல்லை.

இறக்கம் என்றதும் சாய்வுப் பேஸ் பற்றிச் சொல்லியாக வேண்டும். 7.62 வகை ரவை ஒன்று விநாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் புறப்பட்டு, 100 மீட்டரில் குறி சேர்த்திருந்தால், 1000 மீட்டரில் ஏறக்குறைய 13 மில், அதாவது 13 மீட்டர் தாழும். ஸ்கோப்புக்குள் குறிக்கம்பி மொத்தம் 20 மில் நகரும் என்று வைத்துக்கொள்வோம். மட்டமான பேஸில் ஸீரோ, அதாவது 100 மீட்டரில் குறி சேர்ந்த நிலை, நடுவில் நிற்கும். மேலே போக 10 மில்தான் மிச்சம். 3 மில் குறைகிறது. இதற்காகவே பின்பக்கம் சற்று உயர்த்திய பேஸ் வருகிறது. கடைகளில் 20 எம்.ஓ.ஏ. பேஸ் என்று கேட்க வேண்டும்; எம்.ஓ.ஏ. என்பது இன்னொரு கோண அளவு, 20 எம்.ஓ.ஏ. என்றால் 5.8 மில். அதைப் போட்டதும் மேலே 15.8 மில் கிடைத்துவிடும். 130 மி.மீ. நீளத்தில் அந்தச் சாய்வு எவ்வளவு தெரியுமா? முக்கால் மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சாய்வுதான் 1000 மீட்டரை எட்ட வைக்கிறது. 100, 200 மீட்டரோடு நிற்பவர் இதற்குச் செலவழிக்க வேண்டாம். ஸ்கோப்பின் குழாய் 25.4, 30, 34 மி.மீ. என்று பல அளவில் கிடைப்பதற்கும் பெரும்பாலும் இந்த நகர்வு வரம்புதான் காரணம். பெரிய குழாயில் வெளிச்சம் அதிகம் வரும் என்பது பரவலான தவறான நம்பிக்கை.

அடுத்தது பின்னுதை. ஐந்து கிலோ துப்பாக்கி, 900 கிராம் ஸ்கோப் என்று கொள்வோம். ரவை குழலுக்குள் இருக்கும் அந்த ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடியில், ஸ்கோப்பைப் பின்னே இழுத்துச் செல்ல மவுன்ட் சராசரியாக 150 கிலோ எடைக்குச் சமமான விசையைத் தர வேண்டியிருக்கும். துப்பாக்கி பின்னே போகும். ஸ்கோப் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். அதாவது துப்பாக்கியை வைத்துப் பார்த்தால் அது முன்னே ஓடப் பார்க்கும். ஆகவே ரெயிலின் பள்ளத்தில் மவுன்டின் குறுக்குக் கட்டையை வைத்ததும், முன்பக்கச் சுவரில் முட்டும்வரை தள்ளிப் பிடித்துக்கொண்டுதான் இறுக்க வேண்டும். இதைச் செய்யாதவருக்கு முதல் சில தோட்டாக்களிலேயே ஸீரோ நகரும். 1995-ல் அமெரிக்க ராணுவம் தரப்படுத்திய பிகாட்டினி ரெயிலில் பள்ளத்தின் அகலம் 5.23 மி.மீ.; பழைய வீவர் ரெயிலில் 4.57. வீவர் ரிங் பிகாட்டினியில் உட்காரும், ஆனால் அரை மில்லிமீட்டருக்கு மேல் ஆட்டம் இருக்கும். பிகாட்டினி ரிங் வீவரில் இறங்கவே இறங்காது. வாங்குமுன் இதைக் கேட்டுவிடுங்கள்.

ஸ்பிரிங் வைத்த காற்றுத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள், 'எங்களுக்குப் பின்னுதை எங்கே' என்பார்கள். அதில்தான் மவுன்ட் அதிகம் நழுவும். கனமான பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே போகும். பிஸ்டன் முட்டி நிற்கும்போது அது வெடுக்கென்று முன்னே வரும். அப்போது ஸ்கோப் பின்னே வழுக்கும். அதன் 11 மி.மீ. ரெயிலில் பல்லும் இல்லை, பள்ளமும் இல்லை. ஆதலால் ரெயிலின் துளையில் இறங்கும் தடுப்பு முள் உள்ள மவுன்டாகப் பார்த்து வாங்க வேண்டும். நூறு மீட்டருக்கு மேல் குறிவைக்காத துப்பாக்கிக்கு எதற்கு என்று அலட்சியம் வேண்டாம்.

இறுக்கும் அளவு தனிக் கதை. ரிங் திருகாணிகளுக்குப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்வது 2 நியூட்டன் மீட்டர் அளவில். ரெயிலைப் பிடிக்கும் பெரிய நட்டுக்கு 7 அளவில். கையளவில் இதைச் சொல்ல யாராலும் முடியாது. இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வேண்டும். கூடுதலாக இறுக்கினால் ஸ்கோப்பின் குழாய் நசுங்கும். அந்த வளையத் தடம் ஆயுளுக்கும் போகாது. குறைந்தால் வழுக்கும். மரைகளில் எண்ணெய் ஒட்டியிருந்தால் அதே அளவுக்கு இறுக்கும்போது பிடிமானம் கூடிப்போய்விடும். ஆகவே முதலில் துடைத்து உலர்த்த வேண்டும்.

கடைசியாகச் சாய்வு. ஸ்கோப்பின் குறுக்குக்கம்பி துப்பாக்கிக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று பலர் மணிக்கணக்கில் பார்ப்பார்கள். உண்மையில் அது பூமிக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். ஸ்கோப் துப்பாக்கியின் மேல் ஒரு டிகிரி திருகி உட்கார்ந்திருந்தாலும், சுடும்போது கம்பியை நேராகப் பிடித்தால் 1000 மீட்டரில் பிழை ஒரு செ.மீ.கூட வராது. மாறாக, எல்லாம் சரியாகப் பூட்டியிருந்தும் சுடும்போது ஒரு டிகிரி சாய்த்துவிட்டால், 13 மீட்டர் இறக்கத்துக்கு 23 செ.மீ. பக்கவாட்டில் போய்விடும். புவியீர்ப்பு துப்பாக்கியைப் பார்த்து இழுப்பதில்லை. எனவே மவுன்டில் ஒரு சின்ன ரசமட்டம் இருப்பது ஆடம்பரமல்ல, அவசியம்.

பூட்டியானதும் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. உரிமமுள்ள சுடுதளத்தில், 100 மீட்டரில் ஒன்றரை மீட்டர் உயரத்துக்குக் காகிதம் ஒட்டி, கொத்தனாரின் தூக்குக் குண்டை வைத்து நேர்கோடு போடுங்கள். கீழே ஒரு புள்ளியில் ஐந்து தோட்டா. குறியை மாற்றாமல் ஸ்கோப்பை 10 மில் ஏற்றி மறுபடி ஐந்து. பிறகு இறக்கி ஐந்து. இரண்டாவது கூட்டம் கோட்டின் மேலேயே, சரியாக ஒரு மீட்டர் உயரத்தில் விழ வேண்டும். மூன்றாவது கூட்டம் முதலாவதன் மேலேயே விழ வேண்டும். கோட்டிலிருந்து விலகினால் கம்பி சாய்ந்திருக்கிறது. திரும்பி வராவிட்டால் முதல் சந்தேகம் மவுன்டின் மேல் விழட்டும். ஸ்கோப்பைக் குறை சொல்லுமுன் ரிங்கைக் கழற்றிப் பாருங்கள்.

கொல்கத்தாவிலும் நம் சென்னையிலும் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டும் ஈரக் காற்று ஊர்கள். எஃகும் அலுமினியமும் ஒட்டும் இடத்தில் ஈரம் தங்கினால் அரிப்பு அங்கேதான் தொடங்கும். மழைக்காலம் முடிந்ததும் மவுன்டைக் கழற்றி, துருவைத் துடைத்து, மரைகளை உலர்த்தி, சொன்ன அளவுக்கு இறுக்கி, மறுபடி ஸீரோ வையுங்கள். புதிதாக வாங்குபவர்கள் முதலில் மவுன்டுக்கும் டார்க் ரெஞ்சுக்கும் பணத்தை எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்துக்குத் தக்க ஸ்கோப்பைத் தேடுங்கள்.